நிரோத்துக்கு இந்தியில் என்ன வார்த்தை

எனக்குத் தெரிந்த இந்தி, கத்தரிக்காய் பேரம் பேசக் கற்றுக்கொண்ட இந்தி. வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தபோது வடக்கே நாலைந்து ஊர்களில் குவார்ட்டர்ஸ் வாசம். பால்காரன், காய்காரி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி என்று எல்லோரோடும் மல்லுக்கட்டியதில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆண்பால் பெண்பால் இன்றைக்கும் தகராறுதான். அவர் ஓய்வுபெற்று, பல்லடத்துப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தபோது, இனி இந்த இந்தி எதற்கும் ஆகப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் ஊர் மாறிப்போயிருந்தது. தறி ஓட்ட உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தறிக்குடோனுக்குப் பின்னாலும் ஒரு வரிசை லைன் வீடு, அதில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆட்கள். சிலிண்டர் பதிய வேண்டுமா, வாடகைச் சண்டையா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமா, கூப்பிடு இந்தி அக்காவை. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும், வாசலில் யாராவது நிற்பார்கள். "ஏனுங்க்கா, சித்தெ வந்துட்டுப் போங்க. இவன் என்ன சொல்றான்னே தெரியலீங்க." பத்து வருடமாக என் வீட்டுப் பருப்பு ஒழுங்காக வெந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் போன் செய்தார். செவ்வாய் அங்கே கர்ப்பிணிகள் வரும் நாள். எடை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது என்று ஏதாவது இருக்கும், பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்று இருபத்திரண்டு வயது, ஐந்து மாத வயிறு. பீகாரிலிருந்து வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கணவன் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குடோனில் தறி ஓட்டுகிறான். நர்ஸ் எங்கள் இருவரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இது பத்து நிமிட வேலை இல்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

"அக்கா, இந்தப் புள்ளைக்கு ரத்தம் பாத்ததுல சிபிலிஸ் இருக்குதுங்க" என்றார் நர்ஸ்.

"அப்படின்னா?"

"மேகப்புண்ணுன்னு சொல்லுவாங்கள்ல, அது. பால்வினை நோய்."

"ஓ, பொம்பள சீக்கா?"

நர்ஸ் கையிலிருந்த பேனாவை மேசைமேல் போட்டார். "ஏனுங்க்கா, நீங்களுமா? ஆம்பளை எங்கியோ வாங்கியாந்து ஊட்டுல குடுக்கறான், அதுக்குப் பேரு மட்டும் பொம்பள சீக்குங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அறுபது வயது வரை அந்த வார்த்தையை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன்.

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார். கீழே எப்போதாவது புண் வந்ததா? உடம்பில் தடிப்பு வந்ததா? கணவனுக்கு ஏதாவது புண் இருந்ததா? கணவனைத் தவிர வேறு யாரோடும் பழக்கம் உண்டா? இதையெல்லாம் எப்படிக் கேட்பது? நான் இந்தியில் அவளிடம் உடம்பு நன்றாக இருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டேன். அவள் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லைங்கறா."

நர்ஸ் என்னையே பார்த்தார். அவருக்கு இந்தி தெரியாது. ஆனால் அத்தனை நீளக் கேள்விக்கு இத்தனை சின்னப் பதில் வராது என்று தெரியும். "அக்கா, இது புள்ளை உசுரு விசயமுங்க. இப்ப ஊசி போட்டா வயித்துல இருக்கறது தப்பிச்சுக்கும். உட்டா கொழந்தை வயித்துலயே போயிரலாம், இல்லைன்னா சீக்கோட பொறக்கும். கூச்சப்படறதுன்னா சொல்லிப்போடுங்க, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? குடோன் முதலாளி தறிக்காரரா? மேஸ்திரியா? எரிச்சலோடு மறுபடி ஆரம்பித்தேன். காய் வாங்கும் இந்தியில் 'அந்த இடம்' என்பதற்கு வார்த்தை இல்லை. கையைக் காட்டினேன். அவள் முகம் சிவந்தது, எனக்கும்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவளுக்குப் புண் எதுவும் தெரியவில்லை. வேறு யாரும் இல்லை, சாமி சத்தியம் என்றாள். போன வருடம் தீபாவளியை ஒட்டி அவர்கள் ஊரில் வரும் சட் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது கணவனுக்கு ஒரு புண் இருந்தது. தறியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னானாம். வலிக்கவே இல்லை என்றானாம். கொஞ்ச நாளில் ஆறிவிட்டது.

"அதுதாங்க" என்றார் நர்ஸ். "புண்ணு தன்னால ஆறிப்போயிரும். சீக்கு உள்ளயேதான் இருக்கும். அதுலதான் அல்லாரும் ஏமாந்துபோறாங்க."

நான் அதைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குழந்தை பிழைக்குமா? வாரம் ஒரு ஊசியாக மூன்று வாரம் தவறாமல் வந்தால் பிழைக்கும் என்று சொல்லச் சொன்னார் நர்ஸ். கணவனுக்கும் அதே மூன்று ஊசி. இரண்டு பேருக்கும் முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை சேரக்கூடாது. அதன் பிறகும் பிள்ளை பிறக்கிறவரை ஆணுறை.

"ஆணுறைக்கு இந்தியில என்னன்னு தெரியலியே" என்றேன்.

"விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார் நர்ஸ். ஏதோ வீட்டுப்பாடம் கொடுப்பதுபோல.

அன்றைக்கே அவளுக்கு முதல் ஊசி. முதலில் கையில் துளி மருந்து குத்தி அரை மணி நேரம் காத்திருந்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். பெரிய ஊசி. என் கையை நெரித்தாளே தவிர சத்தம் போடவில்லை. புறப்படும்போது நர்ஸ் என்னிடம் மட்டும் சொன்னார். "வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாதுங்க. போனா நான் உங்களை மறுபடி கூப்பிடவே மாட்டேன்." பேசாமல் நாலு பேரிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் கேட்டேன்.

"ஏனுங்க, நிரோத்துக்கு இந்தியில என்ன வார்த்தை?"

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. "அதுவே இந்திதான் அம்மணி" என்றார்.

அது சரி. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. விட்டேனா? "பால்வினை நோய்க்கு?"

"குப்த் ரோக். ரகசிய வியாதின்னு அர்த்தம். எதுக்குக் கேக்கற?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாளத்துல அல்லாருக்குமே தெரியும். டாக்டர் வந்து லெக்சர் குடுப்பார். படமெல்லாம் காட்டுவாங்க. லீவுல போறவனுக்கு பொட்டலம் குடுத்துத்தான் அனுப்புவாங்க."

"இதெல்லாம் தெரிஞ்சு வெச்சுட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"உங்கிட்ட எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். கதவு திறந்த மாதிரி இருக்கும், எட்டிப் பார்ப்பதற்குள் சாத்திக்கொள்ளும்.

மறுநாள் அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், இருபத்தைந்து வயது இருக்கும். அவனைப் பார்ப்பதற்கு முன்பு தறிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க்கா, அந்தப் புள்ளைக்கு என்ன சீக்குங்க? ஆஸ்பத்திரியில கதவைச் சாத்திட்டுப் பேசுனாங்களாமா? இங்க தண்ணித் தொட்டி ஒண்ணு, கக்கூசு ஒண்ணு. இருவது பேரு பொழங்கறோமுங்க."

யார் சொன்னார்களோ. இந்த ஊரில் சாத்திய கதவுக்கும் காது உண்டு. "ரத்தத்துல குறை. தண்ணித் தொட்டியில வர்ற சீக்கு இல்லை. ரெண்டு பேருக்கும் ஊசி போடணும். அவனைச் செவ்வாக்கிழமை அனுப்புங்க."

"அவனுக்கு எதுக்குங்க ஊசி? அவனா மாசமா இருக்கறான்?"

"அப்பன் ரத்தமும் பாக்கணும்னு டாக்டர் சொல்லிப்போட்டார். உங்களுக்கு ஆகாதுன்னா அவர்கிட்டப் பேசுங்க."

டாக்டர் என்றதும் அடங்கினார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வடக்கத்தியானுங்க வந்த பொறவுதானுங்க ஊரே கெட்டுப்போச்சு."

"அவங்க வர்றதுக்கு முந்தி நம்ம ஆளுங்க எல்லாம் சாமியாராவா இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு லைன் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அவன் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறிகள் ஓடும் சத்தத்தில் மெல்லப் பேச வழியில்லை. ரகசிய வியாதியைப் பற்றி ரகசியமாகக் கத்த வேண்டியிருந்தது. அவன் பாதி கேட்பதற்குள் கையை ஆட்டினான்.

"எனக்கு ஒன்றுமில்லை. புண் வந்தது, போய்விட்டது. இப்போது நோய் இருப்பது அவளுக்கு. அவளைத்தான் கேட்க வேண்டும்."

அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றாள். அவன் சொன்னதன் அர்த்தம் அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் இந்தி மொத்தமும் மறந்துபோய்த் தமிழில் திட்ட ஆரம்பித்துவிட்டேன். "அடக் கெரகத்தே, பண்றதையும் பண்ணிப்போட்டு அவ தலையில கட்டறயா? வவுத்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகட்டும், அப்பறம் இருக்குது உனக்கு!" அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் இரண்டடி பின்வாங்கினான்.

வீட்டுக்கு வந்து, ஆள் யாரென்று சொல்லாமல் புலம்பினேன். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன ஊர், யாரென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா போலாம். நான் பேசிப் பாக்கறேன்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பத்தாறு வருடமாக என்னிடம் பேசாத மனிதர் யாரோ ஒரு பையனிடம் என்ன பேசிவிடப் போகிறார்?

அவனை பேக்கரிக்குக் கூட்டிவந்தார். எங்கள் பக்கம் டீக்கடையையும் பேக்கரி என்றுதான் சொல்வோம். வெளியே ஓரமாகக் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த யாருக்கும் இந்தி தெரியாது. நான் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் பன் வாங்குவதுபோல நின்றேன்.

அவருடைய இந்தியைக் கேட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. என்னுடையதுபோல இல்லை, நிமிர்ந்து நடக்கிற இந்தி. முதலில் ஊர் எது, எத்தனை ஏக்கர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்.

"எனக்கும் இது வந்திருக்கிறது, தம்பி. உன்னைவிடச் சின்ன வயதில். எனக்கும் புண் வலிக்கவில்லை. எனக்கும் தானாகப் போய்விட்டது. நானும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அங்கே டாக்டர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார், அதனால் மாட்டிக்கொண்டேன். மூன்று ஊசி. அன்றைக்கு மாட்டியிருக்காவிட்டால் அதோ நிற்கிறாளே, அவளுக்கும் கொடுத்திருப்பேன். என் பிள்ளைகளுக்கும் கொடுத்திருப்பேன்."

அதோ நிற்கிறாளே என்று கையை நீட்டியபோது நான் நின்ற திசையில்தான் நீட்டினார். எனக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னாரா, அல்லது இந்தியில் பேசினால் அது வேறு யாரோ பேசுவது என்று நினைத்தாரா, தெரியவில்லை. கடைக்காரர் என்னிடம், "எத்தனை பன்னுங்க்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான்.

வீட்டுக்கு நடந்தோம். பாதித் தூரம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குப் பெரிய காரியம்.

"நிசமாலுமா?" என்றேன்.

"எது?"

"எதுன்னு தெரியாதாக்கும்."

அவர் நடந்துகொண்டே, "நிசந்தான் அம்மணி. கல்யாணத்துக்கு மூணு வருசம் முந்தி" என்றார். "ஊசி போட்டு முடிச்சு, மறுக்கா மறுக்கா ரத்தம் பாத்து, செரியாப் போச்சுன்னு டாக்டர் சொன்ன பொறவுதான் உன்னைப் பொண்ணு பாக்கவே வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணவே இல்லியா?"

"செரியாப் போனதை எதுக்குச் சொல்றது?"

எனக்கு என்ன கோபம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நோய் வந்ததற்கா? அது நான் அவர் வாழ்க்கையிலேயே இல்லாத காலம். மறைத்ததற்கா? ஆமாம். ஆனால் மறைத்த அதே மனிதர்தான் ஒழுங்காக மூன்று ஊசியும் போட்டு, சரியாகும்வரை காத்திருந்திருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லியிருந்தால் என் அப்பா அவருக்குப் பெண் கொடுத்திருப்பாரா? மாட்டார். நானும் சம்மதித்திருக்க மாட்டேன். வேறு யாரையாவது கட்டியிருப்பேன். அந்த ஆள் டாக்டர் வரிசையில் நிற்காதவனாக, புண் போய்விட்டது என்று நினைத்தவனாக இருந்திருந்தால்? இரண்டு பிரசவத்திலும் ராணுவ ஆஸ்பத்திரியில் என் கையில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நன்றி சொல்வதா திட்டுவதா என்று குழம்பி, எது சுலபமோ அதைச் செய்தேன். நாலு நாள் வீட்டில் ரசமும் சோறும் மட்டும்தான். அவரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பையன் வந்தான். ரத்தம் பார்த்ததில் அவனுக்கும் இருந்தது. முதல் ஊசி போட்டார்கள். அவளுக்கு அது இரண்டாவது. இனி தொல்லை இல்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே அவனுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும். சிலருக்கு முதல் ஊசிக்கு அப்படி வரும், ஒரு நாளில் போய்விடும், மாத்திரை போட்டுக்கொள் என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லியிருந்தார். நானும் அதை ஒழுங்காக இந்தியில் சொல்லியிருந்தேன். ஆனால் அவனோ ஊசியால்தான் நோயே வந்தது என்று முடிவு கட்டிவிட்டான். அடுத்த செவ்வாய் ஆளைக் காணோம். அவள் மட்டும் தனியாக வந்து மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

"அவன் பாட்டுக்கு நின்னுட்டான்னா இவளுக்குப் போட்டதெல்லாம் வீணுங்க்கா" என்றார் நர்ஸ். "மறுபடியும் அவன்கிட்ட இருந்து வந்துரும். ஆறு மாசமா இந்த ஊட்டுக்காரனுகளைத் தொரத்திப் புடிக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. ஒருத்தன் என்னடான்னா கோழிப்பண்ணையில லோடு ஏத்தோணும்ங்கறான். ஒருத்தன் கோயில் நோம்பி முடியட்டும்ங்கறான். இன்னொருத்தன் பொண்டாட்டிக்குப் போட்டதுலயே எனக்கும் சேந்து செரியாயிருமில்லைங்கறான்." அவர் முகத்தில் என்னுடைய அலுப்பையே பார்த்தேன்.

அவள் எழுந்தாள். "அம்மா, அவரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்" என்று என்னிடம் சொன்னாள். "நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்."

லைன் வீட்டுக்குப் போனதும் அவனுடைய பாயையும் போர்வையையும் எடுத்து வாசலுக்கு வெளியே போட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே, வரிசை வீட்டில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மூன்று ஊசியும் முடிகிறவரை உனக்கு இந்த வீட்டுக்குள் படுக்கை கிடையாது. காய்ச்சல் வந்தால் நான் கஞ்சி காய்ச்சித் தருகிறேன். வெளியே உட்கார்ந்து குடி."

பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. என்ன ஊசி என்று யாருக்கும் தெரியாது, படுக்கை இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. நான் இத்தனை நாள் சுற்றி வளைத்து வார்த்தை தேடிக்கொண்டிருந்த விஷயத்தை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். மூன்று நாள் அவன் வெளியே கொசுக்கடியில் படுத்தான். நாலாவது நாள் என் வீட்டுக்காரர் மொபெட்டில் போய், ஏறு என்று மட்டும் சொன்னாராம். ஏறிவிட்டான், இரண்டாவது ஊசியும் ஆயிற்று. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். மூன்றாவது ஊசிக்குத் தானாகவே வந்தான்.

ஆணுறை மிச்சம் இருந்தது. சுகாதார நிலையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள்? காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே. இருபது பேர் பார்க்க எவன் போய்க் கையை விடுவான்? பெட்டி வைத்த நாள் முதல் நிரம்பியே இருக்கிறது, அதைப் பார்த்து ஊரில் யாருக்கும் தேவை இல்லை என்று மேலே எழுதி அனுப்புவார்களோ என்னவோ. கடைசியில் நான்தான் போய் இரண்டு கை அள்ளி ஒயர் கூடையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்து மூடினேன். பெஞ்சில் இருந்த ஒரு பெண் வாயைப் பிளந்தாள். "வேணும்னா நீயும் எடுத்துக்கோ கண்ணு, சும்மாதான் குடுக்கறாங்க" என்றேன். அவள் எடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது நர்ஸ் பெட்டியைக் கழிப்பறைப் பக்கச் சுவருக்கு மாற்றியிருந்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைகிறதாம்.

வெயில் காலத்தில் அவளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. குழந்தைக்கும் ரத்தம் பார்த்தார்கள், சில மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்லும்போது நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. பையன் தறிக்குடோன் முழுக்க லட்டு கொடுத்தான். தறிக்காரர் இரண்டு சாப்பிட்டார். அவன் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"கேட்கவில்லை" என்றாள். "நான்தான் கேட்டேன், எங்கே போனாய் என்று. ஒரே ஒரு தடவை என்றான். எல்லோரும் கூப்பிட்டார்கள், போனேன் என்றான்." குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "இனிமேல் அவன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் சாப்பாடு." அவர்கள் இப்போது அவிநாசிப் பக்கம் வேறு குடோனுக்குப் போய்விட்டார்கள். எப்போதாவது வீடியோ காலில் குழந்தையைக் காட்டுவாள்.

இத்தனையும் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன தை மாதம் எங்கள் மகனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். அவன் சென்னையில் வேலை பார்க்கிறான், இருபத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு நேராகச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பு நீ ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு, சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாம் சேர்த்து. பெண் வீட்டிலும் பார்க்கச் சொல்லலாம், யாரும் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை. அவசரத்துக்கு நிரோத் இருக்கிறது, மருந்துக் கடையில் வெட்கப்படாமல் கேள்.

"அம்மா, ப்ளீஸ்" என்றான். "நீங்க எதுக்கும்மா இதெல்லாம் பேசறீங்க?"

"பின்ன ஆருடா பேசுவா? உங்கப்பனா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கப்பன் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். எழுந்து வெளியே போய், மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று பேசினார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். நடுவில் ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை தரையைப் பார்த்தபடி நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே வந்து போனை மேசைமேல் வைத்தார்.

"பாத்துக்கறேன்னு சொல்லிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

"உங்க கதையையும் சொன்னீங்களா?"

"அதெல்லாம் ஆம்பளைங்க பேச்சு" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டார்.

நான் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். என்ன சொன்னீர்கள், முதல் வார்த்தையிலிருந்து சொல்லுங்கள் என்று எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.